மடு வரைக்கும் மிதித்தவள்

என் அண்ணன் செழியன் நல்லவன்தான். நாகல்நகரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறான். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக வரி கொடுப்பான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவன் ஒரு வேலை செய்துகொண்டிருந்தான் பாருங்கள், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆள் அசந்த நேரம் பார்த்து என் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவான். கேட்டால், "வெயிலுக்கு எறங்கியிருக்கும்த்தா" என்பான். நாற்பத்து நாலு வயதுத் தங்கச்சிக்குக் காதில் பூச்சுற்றுகிற அண்ணன் திண்டுக்கல்லில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நான் சகாயசெல்வி. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு என் இதயத்தைக் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் என் வாய். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. மதுரையில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது மூடும்போதெல்லாம் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். சுவர்க் கடிகாரத்தை விழுங்கிவிட்டு நடமாடுகிற மாதிரி இருக்கும். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரையின் வேகம் கூடினால் ரத்தம் நீர்த்துப்போகும், குறைந்தால் கட்டி விழும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து, அளவு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்புட்டுத்தான் என் நோய்.

"ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், பழைய வேலைக்கே போகலாம்" என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். "பெருசா அடிபடாம பாத்துக்கங்க. கீரை மட்டும் இஷ்டத்துக்குச் சாப்பிடாதீங்க. அது மாத்திரையோட வேலையக் கெடுத்துரும்." இதைக் கேட்ட என் அண்ணி அன்றைக்கே கீரைக்காரம்மாவைத் தெருவுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னதில் கீரையை மட்டும் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓடலாம் என்றது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னை லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். "அங்க அமைதியா இருக்கும் டீச்சர்" என்றார் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர். "வெயில்ல நின்னு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" அமைதிதான் என் எமன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மைதானத்தில் என் நெஞ்சுச் சத்தம் யாருக்கும் கேட்காது. லைப்ரரியில் ஊசி விழுந்தால் கேட்கும். பிள்ளைகள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பி.டி. பீரியடையெல்லாம் கணக்கு டீச்சர் ஆனந்தி எடுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வியர்வை சிந்தவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலி மைதானத்தைப் பார்ப்பார்கள். என் விசில் கைப்பைக்குள் சும்மா கிடந்தது. எனக்கு அந்த மைதானம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வழி காட்டியது அண்ணன்தான். அவனுக்கே தெரியாமல் காட்டினான்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மாதாவே, என் தங்கச்சி பொழச்சா வேளாங்கண்ணிக்கு நடந்து வருவா" என்று நேர்ந்திருக்கிறான். நேர்ந்தது அவன், நடக்க வேண்டியது நான். எங்கள் பக்கத்தில் இது சகஜம். இப்போது அவனே ஏசி பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடலாம் என்றான்.

"நடந்து வருவான்னுதான நேந்த? மாதா கிட்டயே ஏமாத்து வேலையா அண்ணே?" என்றேன்.

"வெயில்த்தா. நீ எங்கிட்டு நடப்ப?"

"நடக்கல. சைக்கிள்ல போறேன். பங்குக் கோயில்ல இருந்து வருசா வருசம் மே மாசம் போறாங்கள்ல, அவுங்களோட."

நேர்ச்சை என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கூட்டம் போகிறது, பின்னால் வேன் வருகிறது, மருந்துப் பெட்டி இருக்கிறது. பாதி மனதோடு தலையாட்டினான். வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் நாகப்பட்டினம் இருக்கிறது, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் போகிறது, யாழ்ப்பாணம் இறங்கி மிதித்தால் மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயில் இருக்கிறது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. வேளாங்கண்ணி அவன் நேர்ச்சை. மடு என் நேர்ச்சை. கடல் தாண்டிப் போய் மிதித்துவிட்டு முழுசாகத் திரும்பிவிட்டால், ஜூன் மாதம் அந்த மைதானத்தில் என்னை எவர் மறிக்கிறார் பார்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

முழுக்கதையும் தெரிந்தவள் காதர் பீவி ஒருத்திதான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். பேகம்பூரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு என்னை அழைத்துப் போனதும் விசா போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"போறது போ. வாரம் தவறாம ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்ட எனக்கு அனுப்பணும். நான் டாக்டருட்ட காட்டி மாத்திரைய கூட்டணுமா கொறைக்கணுமான்னு சொல்லுவேன்" என்றாள். "அனுப்பாம இருந்த, ஒங்க அண்ணன்ட்ட நானே போய்ச் சொல்லிருவேன். பாத்துக்க."

"நீ தோழியா போலீஸாடி?"

"ரெண்டுந்தான். கைய நீட்டு" என்று ஊசியைக் குத்தினாள்.

வடமதுரை, அய்யலூர், மணப்பாறை என்று மிதித்தோம். கூட்டத்தில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாள் என்னை அக்கா அக்கா என்று தாங்கினார்கள். திருச்சி தாண்டியதும், "யக்கா, செத்த மெதுவா" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். தஞ்சாவூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன், அளவு சரியாக இருந்தது. வேளாங்கண்ணியில் அண்ணன் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். கூட்டம் சைக்கிள்களை வேனில் ஏற்றியது. நான் என் சைக்கிளைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பினேன்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "செல்வி, வெளையாடாத" என்றான்.

"வெளையாட விட மாட்டேங்குறாங்கன்னுதான போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கப்பலில் பக்கத்து இருக்கையில் புஷ்பராணி அக்கா இருந்தார். யாழ்ப்பாணம் குருநகர்க்காரர், வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறார். பேச்சுக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே என் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ பிள்ளை, நெஞ்சு வெட்டின ஆள் சைக்கிளிலையோ? எங்கட வீட்ட வந்து நில்லுங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடவே இல்லை. சைக்கிளை இறக்கும்போது பின் சக்கரம் கோணிவிட்டது. அதைச் சரிபண்ணுகிற ஆள் ஊரில் இல்லை, வந்துவிடுவார் என்றார்கள். ஆக, புஷ்பராணி அக்கா வீட்டில் தங்கினேன்.

அங்கேதான் கஞ்சி வந்தது.

காலையில் எழுந்ததும் பெரிய கோப்பை நிறையப் பச்சைப் பசேல் என்று கஞ்சி. அரிசியும் தேங்காய்ப்பாலும் ஏதேதோ இலைச் சாறும் போட்டுக் காய்ச்சியது, வாயில் வைத்தால் அமிர்தம். அந்த ஊரில் உடம்புக்கு முடியாதவர்களுக்கு முதலில் கொடுப்பது அதைத்தானாம். "வடிவாக் குடியுங்கோ. நெஞ்சுக்கு நல்லது" என்பார். நான் ஆபரேஷனைப் பற்றி எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு இலை கூடியது. பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு குவளை வர ஆரம்பித்தது. இரண்டு வருஷமாகப் பச்சை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்காத நாக்கு. எனக்குக் கீரை என்றால் பருப்போடு கடைந்து சோற்றில் விழுவது. கோப்பையில் வந்தால் அது கஞ்சி. கஞ்சி யாரை என்ன செய்யும்? நானே கேட்டு வாங்கி இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

வாரம் முடிந்தது. பீவியிடம் சொன்ன சொல்லுக்காக அங்கிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். புஷ்பராணி அக்காவும் கூட வந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுக்காரர், வேகமாக வந்தார்.

"இரண்டரைக்கு மேல நிக்க வேண்டியது ஒன்று தசம் நாலிலை நிக்குது. மாத்திரை போடாம விட்டனீங்களோ?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"அப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?"

புஷ்பராணி அக்கா பெருமையாக முன்னால் வந்தார். "இலைக்கஞ்சி டாக்டர். வல்லாரை, முசுட்டை, முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாம் போட்டு நானே காய்ச்சிக் குடுத்தனான்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை இலையும் சேர்ந்து மாத்திரையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது, வால்வில் ரத்தக்கட்டி படிந்திருக்கிறதா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும், படிந்திருந்தால் ஆபத்து என்று விளக்கினார். புஷ்பராணி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நானெல்லோ நஞ்சு குடுத்திட்டன்" என்று அழ ஆரம்பித்தார்.

"அக்கா, கேட்டு வாங்கிக் குடிச்சது நான். நீங்க எதுக்கு அழுகிறீங்க?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கை அதற்குள் மாத்திரை அட்டையை எடுத்து எண்ண ஆரம்பித்திருந்தது.

ஸ்கேனுக்குக் காத்துக் கிடந்தபோது அண்ணன் போன் வந்தது. நான் அனுப்பிய ரிசல்ட்டைப் பார்த்துப் பயந்துபோய்ப் பீவி அவனிடம் சொல்லிவிட்டாள். போலீஸ் வேலையையும் விடாதவள்.

"அங்கனயே இரு. நான் வாரேன்" என்றான்.

"பாஸ்போர்ட் இல்லாம எப்படிண்ணே வருவ? நீந்தியா?"

"கிண்டல் பண்ணாதத்தா. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? அடுத்த கப்பல்ல திரும்பி வந்துரு. சைக்கிள் கெடந்துட்டுப் போகுது."

போனை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தேன். டிக் கேட்கவில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது, வார்டு முழுக்கப் பேச்சுச் சத்தம். ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது. லைப்ரரியில் எந்தச் சத்தத்தை வெறுத்தேனோ, அதைக் கேட்க மாட்டோமா என்று உயிர் துடித்தது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இங்கே எனக்கு ஒன்று ஆகிவிட்டால், திண்டுக்கல்லில் எல்லோரும் "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்பார்களே, சிஸ்டர் சொன்னது சரியாகிவிடுமே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசிவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார்களே. அந்த ஆத்திரத்தில்தான் அழுதேன். கண்ணீர் நின்றதும் நர்சைக் கூப்பிட்டு, "ஃபேன கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்றேன்.

நிறுத்தினார். டிக், டிக், டிக். அட என் ராசாவே என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்கேனிலும் வால்வு சுத்தமாக இருந்தது. அளவு மேலே ஏறும்வரை ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட வேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"உங்களோட வந்த பொறுப்பான ஆள் ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் நோயாளி."

"பொறுப்பும் நான்தான் டாக்டர். அப்புறம், நான் மடுவுக்குச் சைக்கிள்ல போகலாமா கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"மருந்துக்குக் கட்டுப்படுவீங்களோ?"

"மருந்துக்குக் கட்டுப்படுவேன். ஊர்ல இருக்குற ஆளுகளுக்குத்தான் கட்டுப்பட மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். அளவு சரியான பிறகு போகலாம், வழியில் மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், இலைக்கஞ்சி வீடு இருக்கிற தெருப்பக்கமே தலை வைக்கக் கூடாது என்றார். சொன்னபடி இருந்தேன். ஊசியை நானே போட்டுக்கொள்ளப் பழகினேன். பத்திய விஷயத்தில் அப்படி ஒரு நல்ல பிள்ளையாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பீவி ஒவ்வொரு ரிசல்ட்டையும் வாங்கி மதுரை டாக்டரிடம் காட்டினாள். "இப்பத்தான்டி எனக்குச் சோறே எறங்குது" என்று அவள் சொன்ன அன்று சக்கரமும் சரியாகி வந்தது.

விடியலில் கிளம்பினேன். சங்குப்பிட்டிப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், எதிர்க்காற்று. பூநகரி தாண்டினால் பனையும் பொட்டலுமாக நீண்டுகிடந்தது. வேடசந்தூர்ப் பக்கம் மில் பஸ்ஸுக்கு ஒதுங்கி மிதித்துப் பழகிய காலுக்கு அந்தப் பொட்டல் புதுசில்லை. நிழல் கண்ட இடத்தில் நின்றேன், தண்ணீர் குடித்தேன், மாத்திரை நேரத்துக்கு மாத்திரை போட்டேன். வழியில் ராத்தங்கி, மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கையை நீட்டினேன். இரண்டு தசம் ஏழு என்றார்கள். சைக்கிளில் மடுவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ரத்தம் எடுத்த நர்ஸ் தன் பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தச் சொன்னார்.

மடுக் காட்டுக்குள் திரும்பியபோது கால் இரண்டும் கடுத்தது. கோயில் வாசலில் புஷ்பராணி அக்கா நின்றிருந்தார். பஸ்ஸில் வந்து காத்திருக்கிறார், கையில் சோற்றுப் பாத்திரம். "மீன்குழம்பும் சோறும். சத்தியமா ஒரு பச்சை இலை இல்லை. கறிவேப்பிலையும் போடேல்லை" என்றார். நான் சிரித்த சிரிப்பில் மரத்தடியில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்புறம் உள்ளே போய் மாதா முன்னால் முட்டி போட்டேன். வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. "வந்துட்டேன் பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன். கோயில் அத்தனை அமைதியாக இருந்தது. என் சத்தம் சுவர்வரை போயிருக்கும், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் நின்றிருந்தான். திட்டுவான் என்று பதில்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "கருத்துப் போயிட்ட" என்றான். பஸ் மேலிருந்து சைக்கிளை அவனே இறக்கினான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சைக்கிளை எடுத்தேன். வழக்கம்போல டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. அண்ணன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, காத்து நெறைய இருக்கு?"

"வெயிலுக்கு ஏறியிருக்கும்" என்றான், என் பக்கம் திரும்பாமலே.

பள்ளிக்கூடத்தில் சிஸ்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மதுரை டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன், யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். "அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன்" என்றார் அவர். "அங்க உங்களுக்கு முடியாமப் போச்சா இல்லையா? லைப்ரரியிலயே இருங்க. மேல பேச வேண்டாம்." முடியாமல் போனது அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் மிதித்தது தெரியவில்லை. சரி சிஸ்டர் என்று வெளியே வந்தேன்.

லைப்ரரிக்குப் போகும் வராந்தாவில் ஆனந்தி டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு எட்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அட்டவணைப்படி அது பி.டி. பீரியட். நான் லைப்ரரியைத் தாண்டி நடந்தேன். படியிறங்கினேன். மைதானத்தின் நடுவில் போய் நின்று கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு வருஷ மூச்சு அதில் இருந்தது. ஜன்னல் கம்பிகளில் முகங்கள் முளைத்தன. ஒருத்தி வெளியே ஓடி வந்தாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் வந்தது. மிச்சமிருந்த ஆனந்தி டீச்சரும் டப்பாவோடு வாசலுக்கு வந்து நின்றார்.

முதல் சுற்றில் பாதிப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் ஓடியது நான்தான்.

சிஸ்டர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். "டீச்சர், நில்லுங்க. யார் பொறுப்பு? யார் பொறுப்புன்னு கேக்குறேன்ல?"

வாயில் விசில் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் என் நெஞ்சில் தட்டிக் காட்டிவிட்டு, இரண்டாவது சுற்றுக்கு ஊதினேன்.